எஞ்சின் மாற்றிய ஸ்போர்ட்ஸ் காருக்கு எத்தனை அங்குல எக்ஸாஸ்ட்? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் கலிஃபோர்னியாவில் வசிக்கிறேன். என்னுடைய 1996ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 மியாட்டாவில் இருந்த 1.8 லிட்டர் எஞ்சினை எடுத்துவிட்டு, 2002ஆம் ஆண்டு செவ்ரலே கமாரோவின் 5.7 லிட்டர் எல்எஸ்1 வி8 எஞ்சினையும் ஆறு கியர் கொண்ட டி56 கியர்பாக்ஸையும் பொருத்தியிருக்கிறோம். எக்ஸாஸ்ட் (எஞ்சினின் புகையை வெளியேற்றும் குழாய்) வேலை மட்டும் மீதமிருக்கிறது. ஒரு பட்டறையில் 3 அங்குல ஒற்றைக் குழாய் போதும் என்கிறார்கள். இன்னொரு பட்டறையில் 2.5 அங்குல இரட்டைக் குழாய்தான் வேண்டும் என்கிறார்கள். குழாய் பெரிதானால் பேக் பிரஷர் (புகையை எதிர்த்து நிற்கும் அழுத்தம்) போய்விடும், கீழ் ஆர்பிஎம்மில் (எஞ்சினின் குறைந்த சுழற்சி வேகத்தில்) இழுவை குறைந்துவிடும் என்று நண்பர் எச்சரிக்கிறார். எதை நம்புவது?

பதில்: இரண்டு பட்டறைகளும் சொல்வது சரியான திசையில்தான் இருக்கிறது. நண்பர் சொல்வதை மட்டும் முதலில் ஒதுக்கிவைக்க வேண்டும். எந்த நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கும் பேக் பிரஷர் என்பது ஒரு தேவை அன்று. பிஸ்டன் மேலேறிப் புகையை வெளியே தள்ளும்போது எதிரே நிற்கும் அழுத்தம் எவ்வளவு இருக்கிறதோ, அவ்வளவு வேலையை எஞ்சின் வீணாகச் செய்கிறது. இருந்தாலும் இந்த நம்பிக்கை இத்தனை காலம் நிலைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. புகை வேகமாக ஓட வேண்டும் என்பது உண்மை. எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் ஓர் அழுத்த அலை, சிலிண்டரிலிருந்து புகையைக் கொண்டுவரும் ஹெடர் குழாயின் வழியே பாய்ந்து, நான்கு குழாய்களும் சேரும் கலெக்டரை அடைந்து, அங்கிருந்து குறைந்த அழுத்த அலையாகத் திரும்பி வருகிறது. அது வந்து சேரும் கணத்தில் இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் சற்றே திறந்திருந்தால், மிஞ்சிய புகையை அது உறிஞ்சி எடுத்து, புதிய காற்று உள்ளே வர வழிசெய்கிறது. இந்தப் பயன் ஹெடர் குழாய்களின் விட்டத்தையும் நீளத்தையும் பொறுத்தது. வண்டியின் பின்பக்கம் போகும் பெரிய குழாய்க்கு இதில் பங்கு மிகக் குறைவு.

ஹெடர் குழாய்களை அளவுக்கு மீறிப் பெரிதாக்கியவர்களுக்குக் கீழ் ஆர்பிஎம் இழுவை குறைந்தது. எக்ஸாஸ்ட் மாற்றியபின் எரிபொருள் டியூனிங்கைச் சரிசெய்யாதவர்களுக்கும் அதே அனுபவம் நேர்ந்தது. பழி மட்டும் பின்குழாயின்மேல் விழுந்தது. உங்கள் எல்எஸ்1 எஞ்சினில் வால்வுகளைத் திறந்து மூடும் தொழிற்சாலை கேம்ஷாஃப்ட்டில் இரு வால்வுகளும் ஒருசேரத் திறந்திருக்கும் நேரம் சொற்பமே என்பதால், பெரிய குழாயால் நீங்கள் இழப்பதற்கும் பெரிதாக ஒன்றுமில்லை.

இனி கணக்குக்கு வருவோம். அமெரிக்க எஞ்சின் கட்டுநர்கள் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் ஓர் எளிய கணக்கு இருக்கிறது. சக்தி இழப்பு ஏறக்குறைய இல்லாமல் இருக்க, ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு 2.2 கன அடி ஓட்டத்தை எக்ஸாஸ்ட் தாங்க வேண்டும். நேரான குழாயின் ஒவ்வொரு சதுர அங்குலப் பரப்பும் நிமிடத்துக்குச் சுமார் 115 கன அடியைக் கடத்தும். இவை ஓட்ட மேடையில் (காற்றோட்டத்தை அளக்கும் கருவி) குளிர்ந்த காற்றை வைத்து அளக்கும் மரபை ஒட்டிய எண்கள் என்பதால், சூடான புகையின் உண்மைக் கன அளவோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். குழாய்களை ஒன்றோடொன்று ஒப்பிட இவை போதும்.

குழாயின் பெயரில் இருக்கும் அங்குலம் வெளிவிட்டம்; ஓட்டத்தைத் தீர்மானிப்பது உள்விட்டம். வழக்கமான 16 கேஜ் குழாயின் சுவர் 1.65 மில்லிமீட்டர் தடிமன் உடையது. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால், 2.25 அங்குலக் குழாயின் உள்பரப்பு 3.5 சதுர அங்குலம். அது சுமார் 185 குதிரைத்திறனுக்குப் போதும். 2.5 அங்குலம் 4.4 சதுர அங்குலம் தருகிறது, 230 குதிரைத்திறன் வரை சமாளிக்கும். 3 அங்குலத்தில் பரப்பு 6.5 சதுர அங்குலமாக உயர்ந்து, ஏறத்தாழ 340 குதிரைத்திறனைத் தாங்குகிறது. விட்டம் அரை அங்குலம்தான் கூடியது, பரப்போ ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. இரண்டு 2.5 அங்குலக் குழாய்கள் சேர்ந்தால் 8.8 சதுர அங்குலம், அதாவது 460 குதிரைத்திறன். 3.5 அங்குல ஒற்றைக் குழாயும் இதே அளவைத்தான் தருகிறது.

உங்கள் எஞ்சினின் சக்தி எவ்வளவு? 2002ஆம் ஆண்டு கமாரோ இசட்28 காருக்கு ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது 310 குதிரைத்திறன். எஸ்எஸ் வகைக்கு 325. அதே எல்எஸ்1 அதே ஆண்டு கொர்வெட்டில் 350 என்று அறிவிக்கப்பட்டது. இந்த வேறுபாடு முழுவதும் எக்ஸாஸ்ட்டால் வந்ததன்று, ஆனாலும் நல்ல ஹெடரும் தடையற்ற குழாயும் அமைந்தால் 350க்கு அருகில் நீங்கள் வருவீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். 350க்குத் தேவைப்படும் பரப்பு 6.7 சதுர அங்குலம். 3 அங்குல ஒற்றைக் குழாய் இதற்கு ஒரு மயிரிழை குறைவு. அந்த இழப்பை ஓட்டுநர் இருக்கையிலிருந்து உணரவே முடியாது. இரட்டை 2.5 அங்குலம் தேவைக்கு மேல் தாராளம்.

வெறும் ஓட்டக் கணக்கோடு நிற்பதாக இருந்தால் இரட்டைக் குழாய்தான் வென்றிருக்கும். உங்கள் கார் மியாட்டா என்பதுதான் விஷயத்தை மாற்றுகிறது. இருக்கைகளுக்கு இடையே கியர்பாக்ஸ் அமரும் அதன் நடுச்சுரங்கம் 1.6, 1.8 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சின்களின் சிறிய கியர்பாக்ஸுக்காக வடிவமைக்கப்பட்டது. கியர்பாக்ஸையும், பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் நீண்ட அலுமினியச் சட்டத்தை எடுத்துவிட்ட பிறகும், டி56 அங்கே உட்கார்ந்ததும் இருபுறமும் எஞ்சும் இடம் மிகக் குறுகலானது. அங்கே இரண்டு குழாய்களை நுழைத்தால் ஒன்று தரைக்கு மிக அருகில் தொங்கும், அல்லது சுரங்கத் தகட்டை உரசும். உரசாமல் தப்பினாலும் சூடு காரின் உள்ளே ஏறும். எடையையும் பாருங்கள். 3 அங்குல ஸ்டெயின்லெஸ் குழாய் மீட்டருக்கு 3 கிலோ, இரண்டு 2.5 அங்குலக் குழாய்கள் மீட்டருக்கு 5 கிலோ. மூன்று மீட்டர் நீளத்துக்கு 6 கிலோ கூடுதல், அதற்கு மேல் இரண்டாவது சைலன்சரின் எடை. எடை குறைவு என்பதற்காகவே விரும்பப்படும் ஒரு காரில் இதை அலட்சியம் செய்வதை நான் ஏற்க மாட்டேன்.

ஆகவே என் தீர்ப்பு இது: ஒவ்வொரு பக்கத்து ஹெடரிலிருந்தும் 2.5 அங்குலக் குழாய் தனித்தனியே கேட்டலிஸ்ட் (புகையின் நச்சு வாயுக்களைக் குறைக்கும் உறுப்பு) வரை போகட்டும். அதன்பின் இரண்டும் சாய்வான ஒய் இணைப்பில் ஒன்றாகி, 3 அங்குல ஒற்றைக் குழாயாகப் பின்னால் செல்லட்டும். கமாரோவில் ஜெனரல் மோட்டார்ஸ் செய்ததும் இதே அமைப்புதான். இரு பக்கக் குழாய்களும் காரின் அடியில் ஒன்றாகி, ஒரே குழாயாகப் பின் சைலன்சருக்குச் செல்கின்றன. பின்பக்கம் குழாய் ஒடுங்குவதைக் கண்டு அஞ்ச வேண்டாம். புகை பின்னோக்கிப் போகப் போகக் குளிர்கிறது. ஹெடரில் 800 டிகிரி செல்சியஸாக இருக்கும் புகை பின்பக்கத்தில் 400 டிகிரிக்கு இறங்கிவிட்டால், அதன் கன அளவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கிவிடுகிறது.

இரு பக்கத்தையும் இணைப்பதால் இன்னொரு நன்மை கிடைக்கிறது. எல்எஸ் எஞ்சின்களின் எரியும் வரிசை 1-8-7-2-6-5-4-3. எஞ்சின் முழுமைக்கும் பார்த்தால் 90 டிகிரிக்கு ஒரு சிலிண்டர் சீராக எரிகிறது. ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள்: இரட்டை எண் சிலிண்டர்கள் உள்ள பக்கத்தில் 2ம் 6ம் வெறும் 90 டிகிரி இடைவெளியில் அடுத்தடுத்து எரிகின்றன, பிறகு 4ஆவது எரிந்ததிலிருந்து 8ஆவது எரியும்வரை 270 டிகிரி வெறுமை. அதாவது அந்தப் பக்கக் குழாயில் ஒரு கணம் நெரிசல், மறு கணம் வெறுமை. மற்ற பக்கத்தில் 3ம் 1ம் அப்படியே அடுத்தடுத்து எரிகின்றன. இரண்டு பக்கங்களையும் இணைத்துவிட்டால் ஒரு பக்கத்து நெரிசலை மறுபக்கத்து வெறுமை ஏற்றுக்கொள்கிறது. சத்தமும் சீராகிறது. இரட்டைக் குழாய் வைப்பவர்கள் இடையில் எக்ஸ் அல்லது எச் வடிவ இணைப்பு வைப்பதும் இதற்காகவே.

கலிஃபோர்னியாவில் இருக்கிறீர்கள் என்பதால் கேட்டலிஸ்ட் பற்றி ஒரு வார்த்தை. அந்த மாநில விதிப்படி, பொருத்தப்படும் எஞ்சின் காரின் ஆண்டைச் சேர்ந்ததாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும். அந்த எஞ்சினுக்கு உரிய புகைக் கட்டுப்பாட்டு உறுப்புகள் அனைத்தும் அதனுடன் இருக்க வேண்டும். உங்கள் எஞ்சின் 2002, கார் 1996 என்பதால் முதல் நிபந்தனை நிறைவேறுகிறது. இரு பக்கத்துக்கும் தனித்தனிக் கேட்டலிஸ்ட், ஒவ்வொன்றின் முன்னும் பின்னும் ஆக்சிஜன் சென்சார் என்ற கமாரோவின் அமைப்பை அப்படியே காப்பாற்றுங்கள். இறுதியில் அரசு நியமித்த ரெஃபரி நிலையத்தில்தான் கார் சரிபார்க்கப்படும் என்பதால், வெல்டிங் தொடங்குமுன் அவர்களிடம் பேசிவிடுவது நல்லது. கேட்டலிஸ்ட் சக்தியைத் தின்றுவிடும் என்ற பயமும் வேண்டாம். போதிய அளவுள்ள புதிய கேட்டலிஸ்ட்டில் ஏற்படும் இழப்பு சிறியது. அதை எடுத்துவிடுவதால் மற்றவர்கள் சுவாசிக்கும் காற்றுக்கு ஏற்படும் கேடு சிறியதன்று.

அடுத்தது, எண்ணைவிட முக்கியமானது: குழாயின் உண்மையான அளவு அதன் மிகக் குறுகிய இடத்தின் அளவுதான். பட்டறையில் குழாயை எப்படி வளைக்கிறார்கள் என்று பாருங்கள். சாதாரண அழுத்து எந்திரத்தில் வளைத்தால் வளைவின் உட்புறம் நசுங்கி மடிப்பு விழும். உள்ளே உருளையை விட்டு வளைக்கும் மேண்ட்ரல் வளைவில் விட்டம் குறையாது. டிஃபரன்ஷியலைச் சுற்றிப் போகும் வளைவில் கேலிப்பர் வைத்து அளந்து பாருங்கள். அங்கே நசுங்கி 2.5 அங்குலக் குழாயின் பரப்புக்குச் சுருங்கியிருந்தால், பணம் 3 அங்குலத்துக்குக் கொடுத்தாலும் ஓடுவது 2.5 அங்குலம்தான். சைலன்சர் வாங்கும்போது டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். வாயில் 3 அங்குலம் என்று இருக்கும். உள்ளே துளையிட்ட மையக்குழாய் அதைவிடச் சிறியதாக இருக்கலாம், அல்லது துளைகளின் விளிம்புகள் தகடு தகடாக ஓட்டத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கலாம். வெல்டிங் உருகி உள்ளே வழிந்த இடங்கள், இணைப்பின் வாயை மறைத்து நிற்கும் கேஸ்கெட் ஆகியவையும் இதே குற்றவாளிகள்.

ஹெடரைப் பொறுத்தவரை, 350 குதிரைத்திறன் அளவிலான எல்எஸ்1 எஞ்சினுக்கு ஒன்றேமுக்கால் அங்குலக் குழாய்கள் பொருத்தமானவை. இடப்பக்கத்தில் ஸ்டியரிங் தண்டு குறுக்கே வருவதால் கமாரோவின் ஹெடர் உங்கள் காரில் உட்காராது. இந்த மாற்றத்துக்கென்றே செய்யப்பட்டதைத் தேடுங்கள். சென்சாருக்கு முன்னால் எங்கும் கசிவு இருக்கக் கூடாது. வெளிக்காற்று உள்ளே புகுந்தால், கலவையில் பெட்ரோல் குறைந்துவிட்டது என்று கணினி தவறாக எண்ணி அதிகமாக ஊற்றும்.

304 வகை ஸ்டெயின்லெஸ் வைப்பதாக இருந்தால் அதன் விரிவை மறந்துவிடாதீர்கள். இரண்டு மீட்டர் குழாய் 400 டிகிரி சூடேறினால் 13 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். நடுவில் வளைந்துகொடுக்கும் ஃப்ளெக்ஸ் இணைப்பு இல்லாவிட்டால் அந்த நீட்சி ஹெடரின் வெல்டிங்கைத்தான் போய்ப் பிளக்கும்.

நாளை இதே காரில் 6.2 லிட்டர் எல்எஸ்3 வைக்கும் எண்ணம் இருந்தால் பதில் மாறும். 2008ஆம் ஆண்டு கொர்வெட்டில் அந்த எஞ்சினுக்கு 430 குதிரைத்திறன் அறிவிக்கப்பட்டது. விருப்பத்தேர்வாக விற்ற இருநிலை எக்ஸாஸ்ட் பொருத்தினால் 436. தொழிற்சாலையே எக்ஸாஸ்ட் மாற்றத்துக்குக் கொடுத்த மதிப்பு 6 குதிரைத்திறன் என்பதை, குழாய் மாற்றினால் 40 கூடும் என்று விற்பவர்களிடம் பேசும்போது நினைவில் வைத்திருங்கள். அந்த எஞ்சினுக்கு 3 அங்குல ஒற்றைக் குழாய் போதாது. 3.5 அங்குலமோ இரட்டை 2.5 அங்குலமோ வேண்டும். தரையிடைவெளி குறைவான இடத்தில் முட்டை வடிவக் குழாயைப் பயன்படுத்தலாம்.

கேள்வி: என் மியாட்டாவில் ஹோண்டாவின் 2.4 லிட்டர் கே24 எஞ்சின் வைத்திருக்கிறேன். டர்போ இல்லை. எல்லாரும் 3 அங்குலம் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: வேண்டாம். ஹோண்டாவின் அக்யுரா டிஎஸ்எக்ஸ் காரில் இந்த எஞ்சின் 200 குதிரைத்திறன் அளவில் வந்தது. 2.5 அங்குலக் குழாய் 230 வரை தாங்கும் என்பதால் உங்களுக்கு அது நிறைவானது. 3 அங்குலத்தால் எஞ்சினுக்குக் கேடில்லை. ஆனால் கிடைக்கும் சக்தி இல்லை, எடையும் இரைச்சலும் மட்டும் கூடும். மிச்சமாகும் பணத்தை நல்ல ஹெடருக்குச் செலவிடுங்கள்.

டர்போ வைக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் இப்போதே 3 அங்குலம் போடுங்கள். டர்பைனுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடுதான் டர்போவைச் சுழற்றுகிறது. பின்பக்க அழுத்தம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு விரைவில் பூஸ்ட் (எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் அழுத்தம்) ஏறும். அங்கே சிறிய குழாய்க்கு ஆதரவாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் டர்பைனுக்குப் போகாமல் புகையைத் திருப்பிவிட்டுப் பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் சிறிதாக இருந்தால் கவனம் தேவை. 1990களின் மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரில் தொழிற்சாலை டர்போக்களை வைத்துக்கொண்டே எக்ஸாஸ்ட்டை முழுவதும் திறந்துவிட்டவர்களுக்குப் பூஸ்ட் கட்டுக்கு அடங்காமல் ஏறும் சிக்கல் நன்கு தெரியும்.

கேள்வி: ஏற்கெனவே போட்டிருக்கும் எக்ஸாஸ்ட் எஞ்சினைத் தடுக்கிறதா என்பதை, சக்தியை அளக்கும் டைனோ மேடைக்குப் போகாமல் கண்டறிய வழி உண்டா?

பதில்: உண்டு, அதுவும் எளியது. கேட்டலிஸ்ட்டுக்கு முன்னால் உள்ள ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் ஓர் அடாப்டரைப் பொருத்துங்கள். அதிலிருந்து அரை மீட்டருக்குக் குறையாத உலோகக் குழாயை நீட்டி, சூடு தணிந்த முனையில் ரப்பர் குழாயை மாட்டி, 0 முதல் 15 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) வரை காட்டும் அழுத்தமானியை இணையுங்கள். பந்தயத் தடத்திலோ போக்குவரத்து இல்லாத தனியிடத்திலோ, மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தி உச்ச ஆர்பிஎம் வரை சென்று, அருகில் இருப்பவரை முள்ளைப் படிக்கச் சொல்லுங்கள். ஓட்டுபவர் அதைப் பார்க்கக் கூடாது. டர்போ இல்லாத எஞ்சினில் முள் 2 பிஎஸ்ஐக்குள் நின்றால் குழாயை மாற்றுவதில் பொருளில்லை. 3ஐத் தாண்டினால் தடையைத் தேடத் தொடங்குங்கள். அதே அளவைக் கேட்டலிஸ்ட்டுக்குப் பின்னாலும், சைலன்சருக்கு முன்னாலும் எடுத்தால் தடை எந்தத் துண்டில் இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

கேள்வி: வி8 எஞ்சின் மாற்றிய என் டாட்சன் 240இசட் காரில் 3 அங்குல ஒற்றைக் குழாய் போட்டிருக்கிறேன். நெடுஞ்சாலையில் 2,000 ஆர்பிஎம்மில் காதை அடைக்கும் ரீங்காரம் எழுகிறது. சிறிய குழாய்க்கு மாறுவதுதான் வழியா?

பதில்: மாற வேண்டியதில்லை. குழாய் பெரிதாகும்போது தாழ்ந்த ஒலி தடையின்றி வெளியேறுகிறது என்பது உண்மை. ஆனால் உங்கள் தொல்லை ஒரே அலைவரிசையில் இருக்கிறது, அதை மட்டும் பிடித்து அடக்கலாம். எட்டு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுழற்சிக்கு நான்கு முறை எரிகிறது. 2,000 ஆர்பிஎம்மில் அது விநாடிக்கு 133 முறை. சைலன்சருக்கு அருகில், ஒரு முனை அடைக்கப்பட்ட கிளைக்குழாய் ஒன்றை வெல்டிங் செய்தால், அதற்குள் சென்று திரும்பும் ஒலியலை நேர் எதிராக வந்து மூல ஒலியை அழிக்கும். அதன் நீளம் அந்த ஒலியின் அலைநீளத்தில் கால் பங்கு இருக்க வேண்டும். 300 டிகிரி சூடுள்ள புகையில் ஒலி விநாடிக்குச் சுமார் 480 மீட்டர் செல்கிறது. அந்தக் கணக்கில் 90 சென்டிமீட்டர் வருகிறது. கிளைக்குழாயில் புகை ஓடாமல் தேங்கி நிற்பதால் சூடு குறைந்து, தேவையான நீளமும் குறையும். ஆகவே 90 சென்டிமீட்டரில் தொடங்கி, மூடியைத் தற்காலிகமாகப் பொருத்தி, ஓட்டிப் பார்த்து, சிறிது சிறிதாக வெட்டிக் குறையுங்கள். ரீங்காரம் அடங்கும் நீளம் கிடைத்த பிறகு மூடியை நிரந்தரமாக வெல்டிங் செய்யுங்கள். கிளையின் விட்டம் முதன்மைக் குழாயின் விட்டத்துக்கு நெருக்கமாக இருந்தால்தான் பலன் தெரியும். இடம் இருந்தால் வளைத்தும் வைக்கலாம், நீளம் மட்டும் மாறக் கூடாது.